ஆற்று மட்டம் மைனஸ் பத்து அடி: மெம்ஃபிஸ் பற்றி வாசகர் கேள்விகள்

போன மாதம் இந்தப் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: அமெரிக்காவில் நான் பதினாறு வருடம் வேலை பார்த்த ஊர் டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ், மிசிசிப்பி ஆற்றின் மேல் உள்ள துறைமுகம் என்று. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த மாதப் பக்கம் முழுக்க அந்த ஊருக்கே. ஆற்றுச் சரக்குக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தேன். என் மேசைக்கு வந்ததெல்லாம் டன், அடி, மணி நேரம் இந்த மூன்றும்தான். ஊரை நான் அறிந்துகொண்டதும் அந்த வழியாகத்தான்.

கடலே இல்லாத ஊரில் துறைமுகம் எப்படி அம்மா? ஆறு எவ்வளவு பெரிதானாலும் கப்பல் போகுமா? (கும்பகோணம் வாசகர்)

கடல் கப்பல் அங்கே வராது. கடல் ஆற்று வழியே எழுநூறு மைலுக்கும் அப்பால் இருக்கிறது. வருவது பார்ஜ். எஞ்சின் இல்லாத, அடி தட்டையான எஃகுப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம் 195 அடி, அகலம் 35 அடி. ஒரு பார்ஜில் 1,500 டன் ஏறும். அதையே சாலையில் கொண்டுபோனால் ஏறக்குறைய 60 லாரி வேண்டும்.

இப்படி முப்பது, நாற்பது பார்ஜ்களை எஃகு வடத்தால் வரிந்து கட்டி ஒரே தளமாக்கிவிடுவார்கள். முப்பது என்றால் ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு. நீளம் கிட்டத்தட்ட கால் மைல். இதற்கெல்லாம் பின்னால் ஒரே ஒரு படகு. அதற்கு 'டோபோட்' என்று பெயர். டோ என்றால் இழுப்பது, ஆனால் மிசிசிப்பியில் அது இழுப்பதே இல்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. கால் மைலுக்கு முன்னால் இருக்கும் மூக்கை, சுழித்து ஓடும் ஆற்றில், பாலத்துத் தூண்களுக்கு இடையே நுழைக்க வேண்டும். பிரேக் கிடையாது. முதல் தடவை கரையில் நின்று பார்த்தபோது எனக்கு மூச்சு விட மறந்துபோனது. படகில் இருப்பவர்களுக்கு ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு, மறுபடி ஆறு மணி நேரம் வேலை. இப்படியே 28 நாள் தொடர்ந்து ஆற்றிலேயே இருப்பது அங்கே சாதாரணம். வடத்தை முறுக்கிக் கட்டும் தளத்து ஆட்கள் இரவிலும் பனியிலும் அந்தப் பார்ஜ்களின் விளிம்பில்தான் நடக்கிறார்கள். கால் தவறினால் இரண்டு எஃகுப் பெட்டிகளுக்கு நடுவே ஆறு.

இவ்வளவு பெரிய கட்டு அங்கே மட்டும் போக ஒரு காரணம் உண்டு. செயின்ட் லூயிஸ் ஊருக்குக் கீழே கடல் வரைக்கும் மிசிசிப்பியில் ஓர் அணை கிடையாது, படகை ஏற்றி இறக்கும் லாக் கிடையாது. மேலே லாக்குகள் இருப்பதால் கட்டின் அளவுக்கு வரம்பு உண்டு. கீழே அந்தத் தடையே இல்லை. மெம்ஃபிஸ் அந்தத் திறந்த ஆற்றின் மேல் இருக்கிறது. கீழ்நோக்கிப் போவது சோயாவும் சோளமும். நியூ ஆர்லியன்ஸ் பக்கம் போய்க் கடல் கப்பலுக்கு மாறும். மேல்நோக்கி வருவது உரம், உப்பு, சிமெண்ட், இரும்பு. துறைமுகத்தின் பெரும்பகுதி பிரெசிடெண்ட்ஸ் ஐலண்ட் என்ற இடத்தில். பெயர்தான் தீவு. 20-ம் நூற்றாண்டின் நடுவில் ஒரு பக்கக் கால்வாயை அடைத்து, ஓட்டமில்லாத தண்ணீரில் துறை அமைத்த பிறகு அது கரையோடு ஒட்டிக்கொண்டது.

"மெம்ஃபிஸில் ஆற்றின் மட்டம் மைனஸ் 10 அடி" என்று ஒரு செய்தியில் படித்தேன். தண்ணீர் மைனஸில் எப்படி இருக்கும்? அச்சுப்பிழையா? (கரூர் வாசகி)

அச்சுப்பிழை இல்லை. அந்தச் செய்தி வந்த 2022 அக்டோபரை நான் மறக்கவே முடியாது.

ஆற்றின் அளவுகோலில் சுழியம் என்பது ஆற்றின் அடித்தரை அல்ல. பழைய காலத்தில் தண்ணீர் மிகக் குறைந்து நின்ற மட்டத்தை ஒட்டி வைத்த ஒரு குறி, அவ்வளவுதான். மெம்ஃபிஸில் அந்தக் குறி கடல் மட்டத்துக்கு 183.91 அடி மேலே இருக்கிறது. அதற்குக் கீழேயும் ஆழமாகத் தண்ணீர் ஓடும். 2022 அக்டோபரில் அது மைனஸ் 10.81-க்கு இறங்கியது. அதற்கு முன் பதிவான எந்த அளவையும்விடக் கீழே. அடுத்த ஆண்டு அக்டோபரில் இதையும் தாண்டி மைனஸ் 12-க்குப் போனது. மறுபக்கம் பாருங்கள்: 1937 பிப்ரவரி வெள்ளத்தில் அதே அளவுகோலில் 48.7 அடி. 2011 மே மாதம் 48 அடி. ஒரே இடத்தில் ஆறு அறுபது அடி ஏறி இறங்குகிறது. ஆறு மாடிக் கட்டடத்தின் உயரம்.

தண்ணீர் இறங்கினால் பார்ஜை முழுக்க நிரப்ப முடியாது, தரை தட்டும். ஓர் அடி குறைத்து ஏற்றினால் ஒரு பார்ஜுக்கு ஏறக்குறைய 200 டன் குறையும். ஆற்றில் படகு போகும் ஆழமான பாதை குறுகிவிடுவதால் கட்டின் அகலத்தையும் குறைக்கச் சொல்வார்கள். அதுவும் சரியாக அறுவடைக் காலத்தில். சோயாவும் சோளமும் களத்திலிருந்து வந்து குவிகிற நேரம். கட்டணம் அதுவரை காணாத உயரத்துக்குப் போனது. விவசாயிக்குக் கிடைக்கும் விலை இறங்கியது. தொலைபேசியில், எதிர்க்கரை மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயி ஒருவர் என்னிடம், "அம்மா, உங்கள் பில்லில் என் ஒரு வருட லாபம் இருக்கிறது" என்றார். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? எண்ணைத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

என் அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கர். வாய்க்கால் தலைப்பில் ஷட்டர் ஏற்றி இறக்கியவர். காலையில் எழுந்ததும் முதல் வேலை அளவுகோல் பார்த்து நோட்டில் எழுதுவது. மெம்ஃபிஸில் நானும் காப்பிக்கு முன்பு அதையே செய்துகொண்டிருந்தேன்.

எகிப்தில் இருக்கும் ஊரின் பெயர் எப்படி அமெரிக்காவுக்கு வந்தது? (மதுரை வாசகர்)

நைல் நதிக்கரையின் பழைய தலைநகரை நினைத்து வைத்த பெயர். 1818-ல் சிக்கசா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து ஓர் ஒப்பந்தத்தின் மூலம் அந்த நிலம் எடுத்துக்கொள்ளப்பட்டது. அடுத்த ஆண்டே ஜான் ஓவர்டன், ஜேம்ஸ் வின்செஸ்டர், பின்னாளில் ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜாக்சன் மூவரும் மனை போட்டார்கள். இடத்தை நன்றாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சுற்றிலும் தாழ்ந்த சேற்று நிலம். நடுவில் ஆற்றை ஒட்டி உயர்ந்த மேடு. 2011 வெள்ளத்தில் நகரத்தின் நடுப்பகுதி நனையவில்லை. ஆனால் பெரிய ஆறு சிற்றாறுகளின் தண்ணீரை எதிர்த்துத் தள்ளியதில், அவற்றின் கரையில் தாழ்வான இடங்களில் இருந்தவர்களின் வீடுகள் மூழ்கின. மேடு எல்லாருக்கும் கிடைக்கவில்லை.

எங்கள் மில்லில் பஞ்சு தரம் பார்க்கும் பெரியவர் விரலால் இழுத்தே இழை நீளம் சொல்லிவிடுவார். மெம்ஃபிஸ் பஞ்சுக்குப் பேர்போன ஊர் என்கிறாரே? (ராஜபாளையம் வாசகர்)

அவர் சொல்வது சரி. ஆற்றைப் பார்த்த ஃப்ரண்ட் தெருவில் பஞ்சு வியாபாரிகளின் கட்டடங்கள் வரிசையாக இன்னும் நிற்கின்றன. மேல்மாடிகளில் இயற்கை வெளிச்சம் இறங்க வழி வைத்திருப்பார்கள். அந்த வெளிச்சத்தில் பஞ்சை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே இழுத்து, உங்கள் பெரியவர் செய்கிற அதே வேலையைச் செய்தார்கள். இன்று இயந்திரம் அளக்கிறது. பழைய பருத்திச் சந்தையின் வியாபாரக்கூடம் இப்போது அருங்காட்சியகம். விலை எழுதிய கரும்பலகை இன்னும் அங்கேயே இருக்கிறது.

ஆனால் அந்தப் பஞ்சை யார் பறித்தார்கள் என்பதையும் சொல்லாமல் விட மாட்டேன். உள்நாட்டுப் போருக்கு முன் மெம்ஃபிஸ் அடிமைச் சந்தையும்கூட. ஆடம்ஸ் தெருவில் மனிதர்களை விற்ற நேதன் பெட்ஃபோர்ட் ஃபாரெஸ்ட் பிறகு அந்தப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்கு மாநிலங்களின் படைத்தளபதிகளில் ஒருவன் ஆனான். அவன் குதிரை மேல் இருக்கும் சிலை நகரப் பூங்காவில் நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 2017 டிசம்பரில் ஓர் இரவில் அதை இறக்கினார்கள். அன்று இரவு நானும் கூட்டத்தில் நின்றேன். குளிர்.

மஞ்சள் காய்ச்சலால் ஓர் ஊரே 'ஊர்' என்ற தகுதியை இழந்தது என்று பாடத்தில் ஒரு வரி வருகிறது. மெம்ஃபிஸா அது? (திருச்சி, நர்சிங் மாணவி)

அதுதான் கண்ணு. 1878 ஆகஸ்ட். காய்ச்சல் ஆற்று வழியே, தெற்கிலிருந்து வந்த படகுகளோடு வந்தது. நகரத்தில் முதலில் பதிவான சாவு ஆற்றங்கரையில் சிற்றுண்டிக் கடை வைத்திருந்த ஒரு பெண்ணுடையது. அடுத்த சில நாளில் ஏறக்குறைய 25,000 பேர் ரயிலிலும் வண்டியிலும் ஊரைவிட்டு ஓடினார்கள். இருந்துவிட்டவர்கள் சுமார் 20,000. அதில் 17,000 பேருக்குக் காய்ச்சல். 5,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கொசுவால் பரவுகிறது என்று நிரூபணமானது 1900-ல்தான். அன்று காற்றைக் குற்றம் சொல்லித் தெருவில் தார்ப் பீப்பாய்களை எரித்தார்கள்.

இருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள்; போக இடமோ பணமோ இல்லாதவர்கள். அவர்களின் காவற்படைகள்தான் உணவுக் கிடங்குகளைக் காத்தன. அவர்களில் பலர் அப்போதுதான் முதன்முறையாக நகரப் போலீசில் சேர்க்கப்பட்டார்கள். நீ நர்சிங் படிக்கிறாய் என்பதால் இதையும் சொல்கிறேன்: ஆங்கிலிக்கன் கன்னியர் சிலர் விடுமுறையிலிருந்து திரும்பி வந்து நோயாளிகளைக் கவனித்தார்கள். அவர்களின் தலைவி சிஸ்டர் கான்ஸ்டன்ஸ் செப்டம்பரில் இறந்தார். முப்பதைச் சற்றே தாண்டிய வயதுதான்.

பணமும் வரி கட்ட ஆளும் இல்லாமல் 1879-ல் நகரம் தன் சாசனத்தையே ஒப்படைத்துவிட்டது. மாநிலத்தின் 'வரி மாவட்டம்' ஆனது. 1893-ல்தான் மீண்டது. அந்த இடைவெளியில் சாக்கடை புதைத்தார்கள். 1887-ல் ஒரு ஐஸ் கம்பெனி ஆழக் கிணறு தோண்டியபோது மணல் அடுக்குக்குள்ளிருந்து தெளிந்த தண்ணீர் பொங்கியது. இன்று வரைக்கும் மெம்ஃபிஸ் குடிப்பது அந்த நிலத்தடி நீரைத்தான். அவ்வளவு பெரிய ஆறு பக்கத்தில் ஓட, ஒரு சொட்டு அதிலிருந்து குடிக்க வேண்டியதில்லை. என் சமையலறைக் குழாயில் வந்த தண்ணீருக்கு இணையான ருசியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டது அங்கேதானே? அவர் அந்த ஊரில் என்ன செய்துகொண்டிருந்தார்? (தூத்துக்குடி வாசகர்)

குப்பை அள்ளுபவர்களுக்காக வந்திருந்தார். இதைப் பலர் அறிவதில்லை என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது.

1968 பிப்ரவரி 1. நல்ல மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு துப்புரவுத் தொழிலாளிகள் ஒதுங்க இடமில்லாமல் குப்பை லாரியின் பின்பெட்டிக்குள் ஏறி நின்றார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் தானாக ஓடத் தொடங்கியது. இரண்டு பேரும் நசுங்கி இறந்தார்கள். பிப்ரவரி 12 அன்று 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. எல்லோருமே கறுப்பினத்தவர் என்று சொல்லலாம். ஒழுகும் குப்பைத்தொட்டியைத் தோளிலும் தலையிலும் சுமந்தவர்கள். முழுநேரம் வேலை செய்தும் அரசு உதவி வாங்கிச் சாப்பிட வேண்டிய கூலி. அவர்கள் கழுத்தில் தொங்கிய அட்டையில் இருந்தது ஒரே வரி: நான் ஒரு மனிதன்.  மேயர் அவர்களின் சங்கத்தை ஏற்கவே மறுத்தார்.

கிங் வந்து நடத்திய மார்ச் 28 ஊர்வலம் கலவரத்தில் முடிந்தது. பதினாறு வயதுப் பையன் ஒருவன் போலீஸ் துப்பாக்கியில் செத்தான். அமைதியாக ஓர் ஊர்வலம் நடத்திக் காட்டியே ஆக வேண்டும் என்றுதான் கிங் திரும்பி வந்தார். ஏப்ரல் 3 இரவு, இடியும் மழையும். மேசன் டெம்பிள் மண்டபத்தில் தொழிலாளர்கள் முன் பேசினார். மறுநாள் மாலை 6:01-க்கு லொரெய்ன் மோட்டலில், 306-ம் அறைக்கு வெளியே, பால்கனியில் சுடப்பட்டார். ஏப்ரல் 8 அன்று அவர் மனைவி கொரெட்டா முன்னால் நடக்க, ஆயிரக்கணக்கானோர் ஒரு சத்தமும் இல்லாமல் ஊர் நடுவே நடந்தார்கள். ஏப்ரல் 16 அன்று நகரம் இறங்கி வந்தது. 65 நாள்.

அந்த மோட்டல் 1991 முதல் குடிமை உரிமைப் போராட்ட அருங்காட்சியகம். பால்கனிக் கம்பியில் எப்போதும் ஒரு மலர்வளையம். அங்கே ஒரு குப்பை லாரியும் இருக்கிறது. குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள் கிங் இருந்த அறையை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். அந்த லாரியின் பின்புறம் நின்று, உள்ளே எவ்வளவு இடம் என்று பாருங்கள். 2017-ல் உயிரோடு மிஞ்சியிருந்த வேலைநிறுத்தக்காரர்களுக்கு நகரம் தலைக்கு 50,000 டாலர் கொடுப்பதாக அறிவித்தது. அவர்களுக்கு நகரத்தின் ஓய்வூதியம் இல்லாமல் போயிருந்தது. அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

என் பையன் மெம்ஃபிஸ் விமான நிலையத்தில் இரவு வேலை. ஏன் இரவில்? (நாமக்கல், ஒரு அம்மா)

கவலைப்படாதீர்கள் அக்கா, அந்த ஊரே அப்படித்தான். 1973-ல் பொட்டலங்களை விமானத்தில் அனுப்பும் ஃபெடெக்ஸ் கம்பெனி தன் வேலையை அங்கே தொடங்கியது. முதல் இரவில் 14 விமானம், 186 பொட்டலம். நாடு முழுக்கிலிருந்தும் சரக்கு ராத்திரி அங்கே வந்து இறங்கி, பிரிக்கப்பட்டு, விடிவதற்குள் திரும்பப் பறக்க வேண்டும். நாட்டின் நடுவாக்கில் இருப்பதும், விமானத்தை முடக்கும் பனி அதிகம் இல்லாததும் சாதகம். பல ஆண்டுகள் உலகிலேயே அதிகச் சரக்கைக் கையாண்ட விமான நிலையம் அது. இரவு பத்து மணிக்கு மேல் கிழக்கு வானத்தைப் பார்த்தால் விளக்குகள் மணி கோத்ததுபோல வரிசையாக இறங்கும். பையனிடம் பகலில் தூங்க ஜன்னலுக்குக் கனத்த திரை போடச் சொல்லுங்கள். என் அடுத்த வீட்டுக்காரி இருபது வருடம் அந்த வேலை பார்த்தாள். அவள் சொன்ன ஒரே யோசனை இது.

அங்கே பாட்டு பெரிய விஷயமாமே? (கோவை வாசகர்)

ஆமாம். பீல் தெரு, சன் ஸ்டுடியோ, பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் வீடு எல்லாவற்றுக்கும் எல்லோரும் போவார்கள். நான் அனுப்புவது மக்லெமோர் தெருவுக்கு. பழைய சினிமா கொட்டகை ஒன்றை ஒலிப்பதிவுக் கூடமாக்கி, 1960-களில் ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனி அங்கே இருந்தது. கொட்டகையின் சாய்ந்த தரையை அப்படியே விட்டிருந்தார்கள். ஒலி வேறு மாதிரி விழுந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தெருவில் சேர்ந்து சாப்பிட முடியாத ஊரில், அந்தக் கூடத்துக்குள் சேர்ந்து வாசித்தார்கள். கம்பெனி நொடித்து, கட்டடத்தை 1989-ல் இடித்தார்கள். 2003-ல் அதே இடத்தில் அருங்காட்சியகம் கட்டினார்கள். பக்கத்திலேயே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இசைப்பள்ளி. மாலையில் போனால் பிள்ளைகள் பழகுவது கேட்கும்.

அடுத்த ஆண்டு மகளைப் பார்க்கப் போகிறோம். மெம்ஃபிஸில் ஒரு நாள்தான் இருப்போம். பயமில்லாமல் சுற்றலாமா? எங்கே போவது? (சேலம் வாசகர்)

ஏழ்மையும் குற்றமும் அதிகமான ஊர், மறைக்க மாட்டேன். இருட்டிய பிறகு தெரியாத தெருவில் நடக்காதீர்கள், காரில் பை வைத்துவிட்டுப் போகாதீர்கள். பகலில் பயப்பட ஒன்றுமில்லை. பேச்சுக் கொடுத்தால் நின்று பேசுகிற மனிதர்கள்.

காலையில் ஹராஹன் பாலத்துக்குப் போங்கள். 1916-ல் கட்டிய ரயில் பாலம். அதன் ஓரத்தில் 2016 முதல் நடைபாதை, ஏறக்குறைய ஒரு மைல், ஆற்றைத் தாண்டி ஆர்கன்சாவில் இறங்கும். பக்கத்தில் சரக்கு ரயில் போகும்போது கைப்பிடி அதிரும். வடக்கே தெரிகிற பெரிய வளைவுப் பாலத்தில்தான் 2021 மே மாதம் விரிசல் கண்டார்கள். ஆற்றை மூடினார்கள். மூன்று நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பார்ஜ்கள் இரு பக்கமும் காத்து நின்றன. அந்த மூன்று நாளும் நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை.

மத்தியானம் லொரெய்ன் மோட்டல் அருங்காட்சியகம். அதற்கு மூன்று மணி நேரம் வையுங்கள்.

மாலையில் ஆற்றங்கரையில் டாம் லீ பூங்கா. 1925 மே 8 அன்று பொறியாளர்களை ஏற்றிய ஒரு நீராவிப் படகு ஆற்றில் கவிழ்ந்தது. தன் சின்னப் படகில் தனியாக வந்துகொண்டிருந்த டாம் லீ என்ற கறுப்பினத் தொழிலாளி திரும்பத் திரும்பப் போய் 32 பேரை ஏற்றிக் கரை சேர்த்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. பொறியாளர்கள் சங்கம் பணம் திரட்டி வீடு வாங்கித் தந்தது. வேலையும் கிடைத்தது. நகரத்தின் துப்புரவுத் துறையில், 1948-ல் ஓய்வு பெறும் வரை. பூங்காவில் இரண்டு நினைவுச் சின்னம். 1954-ல் வைத்த கல்தூண் அவரை "மிகவும் தகுதியான நீக்ரோ" என்கிறது. 2006-ல் வைத்த வெண்கலச் சிற்பத்தில் அவர் படகிலிருந்து குனிந்து, தண்ணீரில் இருப்பவருக்குக் கை நீட்டுகிறார். இரண்டையும் பாருங்கள், கல்லை முதலில்.

அக்டோபரில் போனால் தண்ணீர் இறங்கி மணல்திட்டு தெரியும், ஏப்ரலில் போனால் மரங்களின் இடுப்பு வரை ஆறு நிற்கும். மகளிடம் ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். தீர்ந்தால் எந்தக் குழாயிலும் பிடித்துக்கொள்ளலாம்.